செம்பாக்கத்துப் பந்தய வண்டியின் விலை

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஐநூறு ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டோம். அதற்குக் காரணம் நான்தான்.

அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் மவுண்ட் ரோடில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மைசூரில் தயாரான இருநூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்று கைமாற வந்தது. சிவப்பு நிறம், டாங்கின் பக்கவாட்டில் முகம் பார்க்கலாம் போலக் குரோமியம். இவர் யோசித்தார். நான்தான், "எடுத்துடலாங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றேன். இரண்டாம் மாதம் பெருங்களத்தூர் பக்கத்தில் இன்ஜினுக்குள் கிராங்க் பேரிங் போய் வண்டி நின்றுவிட்டது. வெயிலில் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் அலுவலகத்தில் நாள் முழுவதும் நான் தட்டச்சு செய்ததெல்லாம் வண்டி விஷயம்தான். விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சர்வேயர் போய்ப் பார்த்து எழுதிவருவார். எந்தப் பாகம் வளைந்தது, எது முன்பே தேய்ந்திருந்தது, இந்த நிலையில் வண்டி என்ன பெறும் என்று அவர் எழுதியதை மூன்று பிரதி அடிப்பேன். நான்கு வருஷம் அடித்தும் ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் முதல் படித்தேன். புரியாததைச் சர்வேயரிடம் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு அடிபட்ட வண்டி அலுவலக வாசலுக்கு வந்தால் கூப்பிட்டுக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வண்டியையே பிரித்துப் பார்த்தேன். ஓட்டவும் கற்றுக்கொண்டேன். விடிகாலையில் ஆளில்லாத மைதானத்தில் இவர் பின்னாலேயே ஓடிவருவார். முதல் நாள் நேராகக் கருவேலம் புதருக்குள் போய் நின்றேன். மூன்றாம் மாதம் எட்டுப் போட்டேன்.

பிறகு தெரிந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ரயிலில் கூட வரும் பெண்களின் அண்ணன் தம்பிகள், சர்ச்சில் பார்க்கும் பையன்கள். போய்ப் பார்த்து ஒரு விலை சொல்வேன். ஆனால் "பொம்பள சொன்ன விலை" என்று விற்கிறவர்கள் சிரிப்பதும் என் காதில் விழும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் சர்ச் வாசலில் ஒரு நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். செம்பாக்கத்தில் தனியாக இருந்தாள். அவளுடைய தம்பி வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போயிருந்தான். சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய பையன் அவன். அந்தப் பந்தய வண்டி இவள் வீட்டில் நின்றது.

"வித்து நீயே வச்சுக்கன்னு எழுதியிருக்கான்கா. க்ரோம்பேட்டைலேர்ந்து ஒரு புரோக்கர் வந்து பாத்தாரு. தொள்ளாயிரம்தான் பெறும்னு சொல்றாரு. சனிக்கிழமை பணத்தோட வர்றாராம். எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீங்க கொஞ்சம் வந்து நிக்கிறீங்களா?"

சனிக்கிழமை மத்தியானம் இவரும் நானும் போனோம். புரோக்கர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த ஈரத் துண்டு. என் கணவர்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து அவரிடமே பேசினார்.

"நீயே பாரு சார். லைட்டு கீதா? மட்கார்டு கீதா? சைலன்ஸர் கூட இல்ல, வெறும் கொயாய். இத்த எவன் சார் ரோட்ல ஓட்டுவான்? ரேஸ்ல ஓட்னது, இஞ்சின் உள்ள ஒண்ணுமே இருக்காது. நான் எடுத்துகினு போறதே இந்தம்மாவுக்காகத்தான்."

"அவங்கதான் பாப்பாங்க" என்று இவர் என்னைக் காட்டினார். புரோக்கர் என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், சிரித்தார்.

அதுவும் எங்கள் வண்டியின் ஜாதிதான். ஆனால் பந்தயத்துக்காக இளைக்க வைத்திருந்தார்கள். முதலில் ஒரு நூல் கேட்டேன். நர்ஸ் தையல் பெட்டியிலிருந்து கொண்டுவந்தாள். பின் சக்கரத்தில் ஒரு முனையை இவர் பிடிக்க, முன் சக்கரம் வரை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நூல் ஒரே மாதிரி உட்கார்ந்தது. ஃபிரேம் வளையவில்லை. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே விரலால் தடவினேன். ஒட்டுப்போட்ட தழும்பு இல்லை.

பிறகு ஸ்பேனர் வாங்கி, இன்ஜினிலிருந்து புகைக் குழாயைக் கழற்றினேன். இந்த வகை வண்டியில் அந்த ஓட்டை வழியாக உள்ளே பிஸ்டன் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தேன். வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"பிஸ்டன் புதுசு அண்ணா. நீங்களும் பாருங்க" என்று டார்ச்சை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "புது பிஸ்டன் போட்டா மட்டும் ஓடிடுமா? இன்னாமா நீ, பேஜார் பண்றே."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நர்ஸிடம் கேட்டேன். "லைட், மட்கார்டெல்லாம் உன் தம்பி கழட்டினானே, அதையெல்லாம் என்ன பண்ணான்?"

"பரண்ல ரெண்டு கோணியில கட்டி வச்சிருக்கான்கா. இவருதான் அதையும் சும்மாவே எடுத்துட்டுப் போறேன், எடம் காலியாகும்னு சொன்னாரு."

புரோக்கர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோணிகளை இறக்கினோம். ஹெட்லைட், இரண்டு மட்கார்டு, இரண்டு சைலன்ஸர், பழைய ஹேண்டில் பார், செயின் கவர். எல்லாம் கிரீஸ் தடவி, பழைய பேப்பரில் சுற்றி, ஆணி போல்ட்டைக்கூடத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டியிருந்தான் அந்தப் பையன். முறையாகப் பூட்டினால் இரண்டே நாளில் ரோடு வண்டி. நர்ஸின் கண்கள் புரோக்கரை விட்டு நகரவில்லை.

"சரி, ஆயிரத்து நூறு" என்றார் அவர். "ஆனா ஓட்டிப் பாக்காம எப்டிமா? ரேஸ் வண்டி, எனக்கு முட்டி வலி, நான் ஏற மாட்டேன். சார் ஓட்டுவாரா?"

இவர் வாயைத் திறப்பதற்குள், "நான் ஓட்டறேன்" என்றேன்.

"வேணாம்மா, புடவையோட…" என்றார் இவர் மெதுவாக.

கொசுவத்தைத் தூக்கிச் செருகினேன். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கினேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, கிக்கரை மிதித்தேன். மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கிக்கரை முன்னால் மடக்கினால் அதுவே கியர். ஒரு தட்டுத் தட்டிக் கிளட்சை விட்டதும் வண்டி என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஏரிக்கரை தாண்டும்வரை மூச்சுக்கூட விட்டேனா தெரியாது. ராஜகீழ்ப்பாக்கம் வரை ரோடு காலியாகக் கிடந்தது. மூன்றாவது கியர், நான்காவது கியர். காற்று கண்ணிலிருந்து தண்ணீரைப் பிடுங்கியது. இன்ஜின் ஒரே சுருதியில் பாடியது. கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். நான் திரும்பியபோது ஒருவர் கை தட்டினார். அப்போது எனக்கு வந்த சிரிப்பு செம்பாக்கம் போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.

ஆனால் திரும்பும் வழியில் ஒன்று தெரிந்தது. இரண்டாவது கியரில் முறுக்கினால் கியர் கழன்று நியூட்ரலில் விழுந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி கழன்றது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். தெருவே கூடியிருந்தது. நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மூவாயிரத்து ஐநூறு கேக்கலாமா?" என்று காதோரம் கேட்டாள்.

கேட்டிருக்கலாம். கியர் விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தப் புரோக்கர் மேல் எனக்குக் கோபமும் இருந்தது. ஆனாலும் சர்வேயரின் அறிக்கைகளை அடித்து அடித்து, உள்ளதைச் சொல்லாமல் விலையைச் சொல்ல எனக்கு வராமல் போயிருந்தது.

"அண்ணா" என்றேன். "செகண்ட் கியர் கழலுது. கியர் பாக்ஸைப் பிரிக்கணும், இருநூறு ரூபாய் ஆகும். அது இல்லன்னா இந்த வண்டி, கோணிச் சாமானோட சேத்து, மூவாயிரம். இப்ப ரெண்டாயிரத்து எண்ணூறு. இதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம். இதுக்குக் கீழயும் தரமாட்டோம்."

புரோக்கர் வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முட்டி வலியை மறந்து, தானே டார்ச்சை எடுத்துப் பிஸ்டனைப் பார்த்தார்.

"கியர் பூடுதுன்னு நீயா சொல்றியே" என்றார். "இத்தினி வருசமா வண்டி வாங்கினுகீறேன். விக்கிற பக்கம் நின்னுகினு இப்டி யாரும் சொன்னதில்லமா."

"இருக்கறதைத்தான் சொல்றேன்."

எழுந்தார். தொள்ளாயிரத்தை எண்ணி நர்ஸிடம் முன்பணமாகக் கொடுத்தார். மீதியைத் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப்போனார். நர்ஸ் அந்தப் பணத்தோடு தன் சேமிப்பையும் சேர்த்து, அதே ஏரிக்கரைப் பக்கம் தன் பெயரில் மனை வாங்கினாள். பத்திரத்தில் தன் பெயரை என்னிடம் நான்கு முறை படித்துக் காட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது என் கணவர் எங்கள் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "நீயே ஓட்டு" என்று பின்னால் உட்கார்ந்துகொண்டார். கேம்ப் ரோடில் அவருடைய மாணவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "குட் ஈவினிங் சார்!" என்று கத்தினார்கள். அவர் பின் சீட்டிலிருந்து கையை உயர்த்தி, வகுப்பில் சொல்வது மாதிரியே கம்பீரமாகப் பதில் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அந்தப் புரோக்கரும், யாரோ ஓர் இளைஞனும், அவன் விற்க நினைத்த நீல நிற வண்டியும். இருவருக்கும் விலையில் ஒத்துவரவில்லையாம்.

"அக்கா, நீ பாத்து ஒரு வெல சொல்லு. அதான் வெல. நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார்.

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நூலை எடுத்துவரப் போனேன்.