கேப்டன் போகாத ஏரிகள்

அவரைக் கேப்டன் என்று முதலில் கூப்பிட்டது அவருடைய மச்சினிதான். கிண்டலுக்குக் கூப்பிட்டாள், அவரோ அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். அடிபட்ட வண்டிகளின் புகைப்படங்களைப் பார்த்து, இதற்கு இழப்பீடு உண்டு, இதற்குக் கிடையாது என்று எழுதுவது காப்பீட்டு அலுவலகத்தில் அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் மலையேறி ஆகிவிடுவார். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். பனி உருகி நிரம்பும் ஏரிகள் அதில் நீலப் பொட்டுகளாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொட்டுத் தொட்டு ஒரு சிவப்புக் கோடு போனது. முதுகில் பையோடு ஏரிக்கு ஏரி நடப்பது, கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது, கடைசியாகக் கணவாயைத் தாண்டி மலையின் மறுபக்கம் இறங்குவது. ஒரு வாரத் திட்டம்.

அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பாள். மயிரிழை கூடினால் லென்ஸ் உள்ளே போகாது, குறைந்தால் நிற்காது. கடையில் அவள் பெயரே லென்ஸக்கா. செய்கிறேன் என்று வாயால் ஒன்றைச் சொன்னால் செய்து முடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். கட்டியவரும் அப்படித்தான் என்று நம்பியதில்தான் ஏமாந்தாள்.

முதல் வருடம், மேலே இன்னும் பனி உருகவில்லை என்றார். அடுத்த வருடம் அலுவலகத்தில் தணிக்கை. அதற்கடுத்த வருடம் கூடாரம் கனமாக இருந்தது. எடை குறைந்ததாகப் பார்த்து வாங்க வேண்டுமாம். அவர் சொன்ன எந்தக் காரணத்திலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விருந்தாளி வந்துவிட்டால் போதும், வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்.

"இந்த ஓடைய காலைலயே தாண்டிடணும். வெயில் ஏற ஏற பனி உருகி, தண்ணி இடுப்பளவு வந்துடும்."

"அடேங்கப்பா! எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"இந்த வருஷம்தான் போறோம்."

அந்த 'போறோம்' என்பதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே குளுகுளுவென்றிருக்கும். பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, அடுக்குமாடியின் படிகளில் தினமும் ஏறி இறங்குவாள். "யார் வீட்டுக்கு தண்ணி சப்ளை?" என்று மாடிக்காரர்கள் சிரிப்பார்கள். கேப்டன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "முதுக வளைக்காத!" என்று கட்டளை இடுவார்.

அப்படி இறங்கும்போதுதான் ஒருநாள் அவள் முட்டி பிசகியது. உள்ளே தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது, பயிற்சி செய்தால் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் வண்டியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இந்த வருஷமும் போச்சேங்க."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம் அது. அத்தனை நிம்மதி. அவள் கையைப் பிடித்து, என்றைக்குமில்லாத கனிவோடு, "உன் முட்டிய விட மலையா பெருசு?" என்றார்.

அன்றிலிருந்து காரணம் தேடும் சிரமம் அவருக்கு இல்லாமல் போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு.

"நான் எப்பவோ போயிருப்பேன். இவளுக்கு முட்டி சரியில்ல. தனியா விட்டுட்டுப் போக மனசு வரல."

அவரை மெச்சியும் அவளைப் பாவம் பார்த்தும் நாலு கண்கள் திரும்பும். ஒருமுறை அவள் பொறுக்கமாட்டாமல், "என் முட்டி சரியாகி ஒரு வருஷம் ஆச்சு," என்று போட்டு உடைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "வலிய வெளில காட்டிக்கவே மாட்டா," என்றார். அதற்கும் மெச்சினார்கள்.

அடுத்த கோடையில் இருவர் பெயருக்கும் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, அவர் சாப்பிடும்போது சொன்னாள்.

"கூடாரம் அந்தக் காத்துக்குத் தாங்காது," என்றார்.

"வேற வாங்கிட்டேன்."

"ஆபீஸ்ல லீவு..."

"இருக்கு. உங்க மேனேஜர்கிட்டயே கேட்டேன்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு பயம்னு நினைக்கிறியா?"

"பயம்னா பயம்னு சொல்லிடுங்க. அதுல என்ன குறைஞ்சு போச்சு? பேசாம கடற்கரைக்குப் போவோம்."

உண்மையாகவே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால், மலையை அன்றைக்கே மறந்திருப்பாள். அவரோ எழுந்து கை கழுவினார்.

"உன் முட்டி போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவள் தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேலே எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. காற்று படாமல் கூடாரம் அடிக்க இடம் என்று அவர் குறித்த பாறை, குறித்த இடத்தில் நின்றது. காலையில் ஓடை கணுக்காலைத்தான் நனைத்தது. வெயில் ஏறியபின் மேலிருந்து திரும்பிப் பார்த்தால், சுழித்துக்கொண்டு ஓடியது.

"மாமா சொன்னது அப்படியே இருக்குல்லக்கா!" என்றாள் தங்கை.

அக்காவுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. திட்டம் தப்பாக இருந்திருந்தால், வெறும் வாய்ச்சவடால் என்று தலையில் அடித்துக்கொண்டு மன்னித்திருக்கலாம். மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே இத்தனை வருடம் படியிலேயே ஏறி இறங்க வைத்திருக்கிறார். மூன்றாவது ஏரி அசையாமல், மலையைத் தலைகீழாகப் பிடித்து வைத்திருந்தது. தங்கை படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். அக்கா பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த ஏரியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரோடுதான் பேச வேண்டும். அதுதான் எல்லாவற்றையும் விடக் கசந்தது.

வீடு திரும்பியதும் கதவைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஓடைய காலைலயே தாண்டினீங்களா?"

"என் முட்டி எப்படி இருக்குன்னு கேக்கலையே."

"கணவாய்ல காத்து பலமா?"

தங்கைதான் பதில் சொன்னாள். "ஆளையே தூக்குது மாமா."

அந்த மாதமே அவருடைய அலுவலக நண்பர் குடும்பத்தோடு வந்தார். அவள் டீ எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, கேப்டன் வரைபடத்துக்கு முன்னால் நின்றிருந்தார்.

"முடிச்சாச்சு. அந்தக் கணவாய்ல காத்து இருக்கே, ஆளையே தூக்குது!"

நண்பரின் மனைவி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் போனீங்களாக்கா?"

அவள் வாயைத் திறக்கும் முன்பே, "இவளும் வந்தா," என்றார் அவர். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை. ஒரு சொல்லில் அவர் மூக்கை உடைத்திருக்கலாம். தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"ஆமா, போனோம்," என்றாள்.

அவருக்காக அவள் சொன்ன கடைசிப் பொய் அது. அதற்குப் பிறகு அவரோடு மலையைப் பற்றிப் பேசவேயில்லை. வருடாவருடம் தங்கையோடு வேறு வேறு மலைகளுக்குப் போய்வந்தாள். கிளம்பும்போது, "எந்த வழியா போறீங்க? நான் வேணா பாத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்பார்.

"நாங்க பாத்துக்கறோம்," என்பாள். காலணிக் கயிற்றை முடிந்துகொண்டு எழுந்து போவாள்.