சத்தம் போடாத மீன் வண்டி

"சத்தமே வராது, அதுதான் இதுல விசேஷம்"னு சொல்லி பேட்டரி ஸ்கூட்டரை வித்த தம்பி, நீ என்னைக்காவது தெருவுல மீன் வித்திருக்கியாலே?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஜெசிந்தா, பெட்ரோல் செலவு தாங்காமல், மானியத்துக்கு அலைந்து வாங்கிய வண்டி அது. இன்றுதான் முதல் நாள்.

பழைய மொபெட் தெருமுனையில் இருமினாலே பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இன்று ஒருவரும் வரவில்லை.

பெட்டி நிறையச் சாளை மீனோடு என் வாசலில் நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"வண்டிய திருப்பிக் குடுத்துரப் போறேன் பெரியப்பா. பழசே போதும்."

"பழசுக்கு பெட்ரோல ஊத்திட்டு, பிள்ளைகளுக்கு எதை ஊத்துவ?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வேணும்னா நான் பின்னால உக்காந்து இருமிக்கிட்டே வாரேன். எனக்கு அது நல்லா வரும்."

சிரித்துவிட்டாள்.

"ஏளா, எங்கூட சண்ட போடுத வாய் எங்க போச்சு? கூவு!"

கூச்சத்தோடு, "சாளை..." என்றாள். பூனைதான் வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"சாளேய்ய்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டிலிருந்தும் சட்டி வந்தது.

வியாபாரம் முடியட்டும் என்று என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "கூவுததுக்கும் ஒரு ராகம் இருக்குளா. மொதல்ல மூச்ச இழுத்து..." என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன்.

ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. அடுத்த தெருவில் "சாளேய்ய்!" கேட்டது. எனக்கு வேண்டிய சாளையும் அதோடு போய்விட்டது.

மொபெட்டாக இருந்தால் கிளம்பும்போதே பிடித்திருப்பேன். மிச்சப் பாடம் அப்படியே இருக்கிறது, யாருக்காவது வேணுமா?