நாட்டு நாய்க்கு மோப்பம் பழக்கிய நர்ஸ் அம்மாள்

போத்தனூர் மைதானத்தில் நான் காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் ஒரு நர்ஸ் அம்மாள் தன் நாட்டு நாய்க்கு மோப்பம் பழக்கிக்கொண்டிருப்பார். ஒல்லியான உடம்பு, இழுத்துச் செருகிய வெள்ளைச் சேலை. புல்லை அழுத்தி மிதித்து, காலடிதோறும் ஒரு கறித்துண்டு வைத்துக்கொண்டே போய், கடைசியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு வருவார். நாய் அந்தத் தடத்தை மோந்துகொண்டே போய் அதை எடுக்க வேண்டும்.

ஒருநாள் நாய் பாதி வழியில் ஆட்டுக்குட்டியைத் துரத்தி ஓடியது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க, இதுக்கெல்லாம் சீமை நாய் வேணுமுங்க" என்றார் ஒரு மில் அதிகாரி.

"மூக்குல என்னங்க சாதி? நாந்தான் தூரத்த நீட்டிப்போட்டேன்."

அம்மாள் தடத்தைக் குறுக்கி மறுபடி மிதித்தார். இம்முறை நாய் தலை நிமிராமல் போய்க் கைக்குட்டையைக் கவ்வியது.

"நாளைக்கும் வாரேனுங்க. சிரிக்கறவங்க வந்து சிரிங்க."

மறுநாள் சிரிக்க ஒருவரும் வரவில்லை. அவர் பழைய நீளத்துக்கே தடம் மிதித்துக்கொண்டிருந்தார்.