ஸ்டீபனுக்கு ஒரு மண்மேடு

கல்லறைத் திருநாளுக்கு கிரைண்டர் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு கையில் செவ்வந்திப் பூ. இன்னொரு கையில் பேப்பர் சுற்றிய மரச் சிலுவை — இந்த வருடத் தவக்காலத்தில் காலமான என் மனைவி ஆரோக்கியமேரியினுடையது. மழையில் பெயர் அழிந்துவிட்டதே என்று, பெயின்ட் அடிப்பதற்காகக் குழிமேட்டிலிருந்து பிடுங்கி வந்திருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். வேப்பமரத்துப் பக்கம் திரும்பியவன்... நின்றுவிட்டேன்.

ஆரோக்கியத்தின் மண்மேட்டருகே யாரோ ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மேடு முழுக்க மல்லிகைச் சரம். சுற்றிலும் மெழுகுவர்த்தி. நடுவில், பேக்கரிக் கவரைப் பிரித்து வைத்த ஒரு தேங்காய் பன்.

ஆரோக்கியத்துக்குத் தேங்காய் பன் பிடிக்காது.

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் முன்பின் தெரியாதவரிடம் பேச எனக்கு வாய் வராது — வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? ஓரமாக நின்றேன். அந்தம்மாவே பார்த்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, எம்பட பையனோட சிநேகிதருங்களா?"

"எந்தப் பையனுங்க்கா?"

"ஸ்டீபனுங்க" என்று மேட்டைத் தடவிக் காட்டினார்.

அவர் பெயர் சகாயம். ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். ஒரே மகன், கொரோனாவில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் போனவன். பெற்றவர்கள் கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. உதவிக்கு வந்த யாரோ அடக்கம் செய்துவிட்டு, போனில் இடத்தை மட்டும் சொன்னார்களாம் — வேப்பமரத்துக்குப் பக்கத்தில்.

"அந்தத் துக்கத்துல அவங்கப்பன் பக்கவாதம் வந்து படுத்துட்டாருங்க. அவரைப் போட்டுட்டு எங்கீங் வாரது? இந்த ஆடியில அவரும் போயிட்டாரு. இப்பத்தான் எம் பையனைப் பாக்க வர முடிஞ்சுது. இங்க எல்லாத்துலயும் பேரு எழுதிருக்குது. இது ஒண்ணுதானுங் பேரில்லாமக் கெடந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சுங்க, எம் பையன்னு."

எனக்கும் புரிந்துபோனது. அந்தக் காலத்தில் அவசரமாக மூடிய குழிகளெல்லாம் மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டன. ஸ்டீபன் அங்கேதான், மேட்டைச் சுற்றியிருக்கிற புல்லுக்கடியில் எங்கேயோ இருக்கிறான். மேடாகவும் பெயரில்லாமலும் இருந்தது ஆரோக்கியத்தினுடையது மட்டும். சிலுவையைப் பிடுங்கிப் போனவன் நான்தானே?

சொல்லியிருக்கலாம். 'அக்கா, இது எங்க வீட்டுக்காரி.' ஒரே வரிதான். சொன்னால் அந்தம்மா எந்தப் புல்லைக் கட்டிக்கொண்டு அழுவார்?

பிறரை அன்பு செய்யச் சொல்லி ஞாயிறுதோறும் கோயிலில் கேட்கிறோம். தலையாட்டுகிறோம். வயிறு நிறைந்திருக்கும்போது பகிர்ந்து கொடுப்பது பெரிய காரியமா? நமக்கென்று அழ இருக்கிற ஆறடி இடத்திலும் இன்னொருவர் வந்து உட்கார்ந்தால்...?

"உங்குளுது யாருங் தம்பி? எங்கீங் படுத்திருக்காங்க?"

"சம்சாரமுங்க்கா. இங்க... பக்கத்துலதானுங்க."

பேப்பரைப் பிரித்து, வெறும் புல்தரையில் சிலுவையை ஊன்றினேன்.

அந்தம்மா பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கொழந்தைங்க எத்தனைங்?"

"இல்லீங்க்கா."

அதற்காக ஆரோக்கியம் போகாத திருத்தலம் இல்லை. இருக்காத நோன்பு இல்லை. கடைசி வருடங்களில் ஆண்டவரிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் அழுததைவிட, கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

சகாயக்கா சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமா தனியாக் கெடக்கறானேன்னு நெஞ்சு அடிச்சுட்டே இருக்குமுங் தம்பி. பக்கத்துல ஒரு பொம்பளை இருக்குதுங்கல்ல... பாத்துக்கும்."

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குழியிலும் பெயர் கேட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். மேட்டின் முன்னால் நின்று பெயர் கேட்டார்.

"ஸ்டீபனுங் ஃபாதர்."

என் மனைவியின் மேல் தீர்த்தம் விழுந்தது. அடுத்து என்னைப் பார்த்தார். "ஆரோக்கியமேரி" என்றேன். தீர்த்தம் புல்லின் மேல் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. அங்கே யார்தான் அழவில்லை?

கிளம்பும்போது சகாயக்கா பன்னில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். "அடுத்த வருசமும் வாரனுங் தம்பி. உசுரு இருந்தா."

அங்கேதான் சிக்கல். வருடம் திரும்புவதற்குள் மேட்டின் மேல் கல் வைக்க வேண்டும். அதில் ஆரோக்கியத்தின் பெயர் இருந்தால், அடுத்த வருடம் வருகிற அந்தம்மா மறுபடியும் மகனைப் பறிகொடுப்பார். இல்லாவிட்டால், என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவள் பெயரில்லாமல் போய்விடுவாள். யாரை விடுவது? படுத்தால் தூக்கம் வரவில்லை.

நேற்று கல் வெட்டுகிறவரிடம் போனேன். ஒரே கல்லில் இரண்டு பெயர் என்றேன். ஆரோக்கியமேரி, ஸ்டீபன்.

"எதை மேல போடறதுங்கண்ணா? ரெண்டு பேரும் என்ன ஒறவுங்க?"

நான் யோசிக்கவே இல்லை.

"அம்மாவும் பையனுமுங்க."

பொய்தான். ஆனால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதாக இல்லை.