வண்டி வக்கீல்

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்காத மனிதர் அவர். அவருடைய ஒரே கட்சிக்காரர், பதினோரு வருடமாக வீட்டுக்கு முன்னால் நிற்கும் சாம்பல் நிறக் கார். அதைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வாதாட உட்கார்ந்துவிடுவார். "உங்க கட்சிக்காரருக்கு ஜாமீன் கிடைச்சாச்சா? சாதம் ஆறுது" என்பாள் மனைவி.

பிழைப்புக்கு அவர் லிப்ட் பரிசோதகர். அலுவலகம், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று ஏறி இறங்கி, லிப்ட் ஓடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அதில் அவரைப் போல ஒரு கறார் பேர்வழியைப் பார்க்க முடியாது. கம்பிக் கயிற்றில் நாலு இழை அறுந்திருந்தால் நிறுத்திவிடுவார். கதவு மூடும்போது முனகினால் நிறுத்திவிடுவார். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் நிர்வாகி ஒருவர், "இத்தனை வருஷமா இந்தச் சத்தத்தோடதான் சார் ஓடுது" என்று கெஞ்சியபோது, பதில்கூடச் சொல்லாமல் லிப்டைப் பூட்டிவிட்டுப் படியில் இறங்கி வந்தவர்.

இப்படிப்பட்டவர் சொந்த வண்டி என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எங்கே போய்ச் சொல்வது இந்தக் கூத்தை?

அதே மாடல் கார் வைத்திருக்கும் இரண்டாயிரம் பேர் சேர்ந்த ஒரு இணையக் குழு இருந்தது. அதில் வக்கீலின் கொடிதான் பறந்தது. அந்தக் காருக்கு ஊரறிந்த ஒரு கோளாறு உண்டு. காலையில் முதல் தடவை கிளப்பும்போது, இரண்டு மூன்று விநாடிக்கு இன்ஜினுக்குள் சங்கிலி குலுங்குகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம் வரும். இன்ஜினின் மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் ஒரே தாளத்தில் சுழல வைக்கிற டைமிங் செயின் தளர்ந்தால் வருகிற சத்தம் அது. அதை மாற்றுவதென்றால் இன்ஜினையே பிரித்தாக வேண்டும். பழைய வண்டியின் விலையில் பாதியைக் கேட்பார்கள். வக்கீல் அதற்குச் சுலபமாக ஒரு வழி சொன்னார். கம்பெனி சொன்ன ஆயிலை விட்டுவிட்டு இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றுங்கள். ஊற்றினார்கள், சத்தம் நின்றது. குழுவில் வாழ்த்து மழை பொழிந்தது. அதற்கு 'வக்கீல் ஆயில்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

யாராவது வந்து, "எங்க மெக்கானிக் உடனே மாத்தணும்ங்கறாரே" என்று அழுதால், "பயமுறுத்துறது அவங்க தொழில், பராமரிப்பு சரியா இருந்தா இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று எழுதி வாயை அடைத்துவிடுவார்.

போன வருடம் அவர் தங்கைக்குக் கார் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஊர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை; ஏழு வயது மகளும் அதே பள்ளியில் படிக்கிறாள். தினமும் லாரிகள் பறக்கிற புறவழிச் சாலையில் போய் வர வேண்டும். அவள் வேறொரு சின்ன காரைப் பார்த்து வைத்திருந்தாள். வக்கீல் விடுவாரா? மூன்று நாள் சாயங்காலம் அவள் வீட்டிலேயே பழியாகக் கிடந்து, பேசிப் பேசிக் கரைத்து, தன்னுடைய மாடலிலேயே பழைய கார் ஒன்றை வாங்க வைத்தார். காலையில் சத்தம் வருகிறது என்று அவள் சொன்னபோது, கெட்டி ஆயிலை வாங்கி வந்து தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.

இந்த வியாழக்கிழமை காலை, ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில், வக்கீலின் கார் செத்துப்போனது. ஒரு முனகல்கூட இல்லை. இன்ஜின் நின்றது, ஸ்டியரிங் இறுகியது, பிரேக் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி கண்ணாடியை உரசுகிற தூரத்தில் விலகிப் போனது. எப்படி ஓரம் கட்டினார் என்று அவருக்கே தெரியாது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் சேர்த்தார்கள். மெக்கானிக் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"செயின் நழுவிடுச்சு சார். உள்ளே எல்லாம் இடிச்சு வளைஞ்சு கிடக்கு. இன்ஜினே புதுசா மாத்தணும். அந்தக் காசுக்கு வேற வண்டியே வாங்கிடலாம்."

வக்கீல் குனிந்து, திறந்து கிடந்த இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இதே மூடியைக் கழட்டிக் காட்டினேன் சார். செயின் தொய்ஞ்சு கிடந்துச்சு. நீங்களே விரலால தூக்கிப் பார்த்தீங்க. ஆயில் சத்தத்தைத்தான் அமுக்கும், செயினை இழுத்துப் பிடிக்காதுன்னு அன்னிக்கே சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோம்னீங்க." மெக்கானிக் கொஞ்சம் தயங்கினார். "உங்க தங்கச்சிகிட்டயும் இதே வண்டிதானே இருக்கு?"



அதற்குப் பிறகு வக்கீலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், எழுந்தார், குடித்துவிட்டு வைத்த தண்ணீரை மறுபடியும் எடுத்துக் குடித்தார். தங்கையின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். சொல்வதென்றால் எதைச் சொல்வது? என் வண்டி நின்றுவிட்டது என்றா? அதைச் சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் சொல்ல நாக்கு எழவில்லை.

"உங்க தங்கச்சிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பாடம் எடுத்துட்டிருப்பா. அப்புறம் பேசறேன்."

"நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பிடுவாங்க. எந்த அப்புறம்?"

அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினார்.

பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை. குழுவைத் திறந்து, 'என் கார் இன்று பாலத்தில் நின்றுவிட்டது. செயின் நழுவிவிட்டது. கெட்டி ஆயில் தீர்வில்லை. எல்லோரும் உடனே சோதித்துப் பாருங்கள்' என்று எழுதி அனுப்பினார். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பதில்கள் குவிந்தன. 'பராமரிப்பு சரியில்லாமல் இருந்திருக்கும்' என்றார் ஒருவர். 'போட்டிக் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?' என்றார் இன்னொருவர். இரண்டு வருடம் உட்கார்ந்து தானே வளர்த்த கூட்டம். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்தச் செய்தியில் தான் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது.

பள்ளியின் வாகன நிறுத்தத்துக்கு அவர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, தங்கை மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, சொல்லாம கொள்ளாம? அண்ணி நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்கா. நீ இந்த வண்டியை எடுக்காதே. வா, பஸ்ல போயிடலாம்." பாலத்தில் நடந்ததை அவசர அவசரமாகச் சொன்னார்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "உனக்கு அடி கிடி படலையே?" இல்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. "உன்னுது பதினோரு வருஷ வண்டி அண்ணா. என்னுதுல சத்தமே இல்லையே. நீதானே ஆயில் ஊத்திச் சரி பண்ணினே?"

"சத்தம் இல்லேன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா."

"காலைல நடந்ததுல பயந்து போயிருக்கே. ஏறு, நானே கொண்டுபோய் விடறேன். சனிக்கிழமை உன் மெக்கானிக்கிட்டயே காட்டிடலாம்."

"மாமா, முன்சீட்டு உங்களுக்கு!" என்று குழந்தை கத்தியது.

தங்கை போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியை நுழைத்தாள். வக்கீல் ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"இந்த மாடல் செயின் தாங்காதுன்னு. மெக்கானிக் காட்டினார். நானே விரலால தூக்கிப் பார்த்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அவள் கார் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.

"மூணு நாள் எங்க வீட்டுல வந்து உட்கார்ந்து பேசினியே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் அண்ணா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் காலையிலிருந்து ஓடி ஒளிந்துகொண்டிருந்தார். "நீயும் வேற வண்டி வாங்கிட்டா, நான் இத்தனை நாள் பேசினது எல்லாம் பொய்னு ஆயிடும்னு இருந்துச்சு."

அவள் சாவியை உருவினாள். இறங்கிப் பின்கதவைத் திறந்து, மகளின் பெல்ட்டைக் கழற்றினாள். கொக்கி இரண்டு தடவை வழுக்கியது. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இடுப்பில் தூக்குகிற வயதா அது? குழந்தையின் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. இறக்கிவிடச் சொல்லிக் குழந்தை சிணுங்கியது, அவள் இறக்கவில்லை.

வக்கீல் இரண்டடி தள்ளியே பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னால் நடந்தார். பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவரும் படியில் கால் வைத்தார்.

"நீ அடுத்த பஸ்ல வா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

அவர் காலை எடுத்துவிட்டார்.