தீர்த்தப் போத்தலுக்குள் கடல்

பல்கலைக்கழகக் கடைசி வருட உயிரியல் செய்முறைப் பரீட்சையில், அருகிவரும் ஓர் உயிரையும் மலிந்து கிடக்கும் ஓர் உயிரையும் ஒப்பிட வேண்டும். நான் ஊதாமுகக் குரங்கையும், வெள்ளவத்தைக் கடலில் மிதக்கும் கண்ணாடி போன்ற ஓடுள்ள பிளாந்தன் என்ற நுண்ணுயிர் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். பெயிலானால் அம்மா இன்னொரு வருடம் ஒபிஸ்களில் தரை துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவனே நான் ஒருவன்தான்.

குரங்குக்காக மூன்று நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். கடைசியில் ஒரு தாயும் குட்டியும், மரம் வெட்டிய வெளியை மின்கம்பி பிடித்துக் கடந்தன. படம் எடுத்தேன். பிளாந்தனுக்கு அந்தப் பாடு இல்லை. ரயில் பாதையைத் தாண்டிப் பாறையில் நின்று வலையை இழுத்தால், ஒரு போத்தலில் ஆயிரக்கணக்கில் வரும். அதை உயிரோடு காட்ட வேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் அறையில் குளிர்ச்சியான இடம் மாதா சுரூபத்தின் காலடி மட்டுமே. அங்கே, தீர்த்தப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பரீட்சை நாள் காலையில் அம்மா வழக்கம்போல என் தலையில் தீர்த்தம் தெளித்தார். உதட்டில் உப்புக் கரித்தது.

"அம்மா, எந்தப் போத்தல் இது?"

"மாதா காலடியில இருந்தது. உன்ட பேக்குக்கும் வாசலுக்கும் ஊத்தி முடிச்சிட்டன்."

"அது கடல் தண்ணி. அதுக்குள்ள ஆயிரக்கணக்கில உயிர் இருந்திச்சு."

அம்மா என் தலைமயிரை விலக்கிப் பார்த்தார். "பேன் மாதிரியா மகன்?"

"கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப குரங்கக் காட்டேன். அதுக்கு முகமாவது இருக்கு."

"குரங்கப் போத்தல்ல கொண்டுபோக ஏலாதும்மா."

கோபப்பட நேரமில்லை. பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். கடல் கொந்தளித்தது. வலையில் பெரும்பாலும் மணல்தான். நனைந்த காற்சட்டையோடு பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்து, நுணுக்குக்காட்டியில் துளி துளியாகத் தேடினேன். ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று.

"இதில எது அரிது?" என்று கேட்டார் பரீட்சகர்.

மனப்பாடம் செய்த பதில் இருந்தது. ஆனால் மேசையில் இருந்த படத்தில் குரங்குகள் இரண்டு, நுணுக்குக்காட்டியில் பிளாந்தன் ஒன்று.

"குரங்குதான் சேர். அதுக்கு இருந்த மரமெல்லாம் போயிட்டுது. இந்தப் பிளாந்தன் முடிஞ்சா நான் திரும்பக் கடலுக்குப் போகலாம். இன்டைக்குப் போயிட்டுத்தான் வந்தனான்."

அவர் என் காற்சட்டையைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

பாஸ். மட்டுமட்டாகத்தான். அம்மாவிடம் சொன்னபோது, "தீர்த்தம் வேலை செஞ்சிருக்கு," என்றார்.