கண்ணாடியில் ஒட்டிய பாதிக் கப்பல்

என் அத்தை கப்பல் கட்டும் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். இப்படிச் சொன்னால் எல்லாரும் கிரேனையும் வெல்டிங் பொறியையும் நினைத்துக்கொள்கிறார்கள். அத்தை கட்டியதெல்லாம் மேசைமேல் நிற்கிற கப்பல்கள். கம்பெனி ஒரு கப்பலை முடித்தால் அதன் குட்டியை அத்தை செய்வார். கப்பலை வாங்கியவர்கள் அதையும் பரிசாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்றுகூட அங்கே தங்கியதில்லை.

கடைசியாக ஒன்று தங்கும் என்றார்கள். கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழைய போர்க்கப்பல். அசலை உடைத்து இரும்பாக விற்று அறுபது வருஷம் ஆகிறது. நூற்றில் ஒரு பங்கு அளவில் அதைச் செய்து புதிய வரவேற்பறையில் நிரந்தரமாக வைப்பது திட்டம். அத்தை ஓய்வு பெற்றாலும் கப்பல் அங்கேயே நிற்கும். அந்த ஒரு ஆசைக்கு நாலு வருஷம் போனது. பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கினார், பித்தளையில் பீரங்கி கடைந்தார், தலைமுடி கனத்தில் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றவைத்தார்.

"என் சட்டையில ஒரு பொத்தான் வைக்க நாலு மாசமா நேரமில்ல. அதுல எரநூறு ஜன்னல் வச்சிருக்கா" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார்.

மேனேஜருக்கு நான் வைத்த பெயர் இஞ்ச் டேப். சட்டைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும், அதை அவர் வெளியே இழுத்து யாரும் பார்த்ததில்லை. வரவேற்பறைச் சுவரைக் குடைந்து கப்பலுக்குக் கருங்கல் மாடம் கட்டும் முன் அத்தையிடம் நீளம் கேட்டார், உயரம் கேட்டார். அகலம் கேட்கவில்லை. பக்கவாட்டில் எடுத்த போட்டோவைப் பார்த்தே கட்டியவருக்குக் கப்பலுக்கு அகலம் என்று ஒன்று உண்டு என்பது தோன்றவே இல்லை.

மாடம் முடிந்தது. கப்பல் உள்ளே போகவில்லை. வரவேற்பறைத் திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்.

"பழைய காலத்துல பாதிக் கப்பல் செஞ்சு முகம் பாக்கற கண்ணாடியில ஒட்டுவாங்களேம்மா. பாக்க முழுசாத்தானே தெரியும்?" என்றார் இஞ்ச் டேப்.

"அது பாதியாவே செய்யறது சார்."

"இதைப் பாதியாக்கிட்டா போச்சு. தச்சர்கிட்ட மெஷின் இருக்கு."

"தச்சர் வேணாம்" என்றார் அத்தை. "நானே அறுக்கறேன்."

மூன்று நாள் அறுத்தார். மெல்லிய ரம்பம்தான், ஆனாலும் அதற்கும் ஒரு கனம் உண்டு. அது தின்கிற மரம் எந்தப் பாதியில் குறைய வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். காட்சிக்குப் போகிற பாதி சரியாக இருக்கட்டும் என்று நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமாக ரம்பத்தை வைத்தார். மற்றதில் ஒரு மில்லிமீட்டர் போயிற்று. இனி இரண்டையும் ஒட்டினாலும் அந்தக் கப்பல் வராது. இதை அத்தை சாப்பிடும்போது, தண்ணீர் வரவில்லை என்பதுபோல் சொன்னார். மாமா எழுந்துபோய் அவருடைய பொத்தானை அவரே தைத்தார்.

அறுக்கும் முன்பே எந்தப் பாதி என்பதிலும் ஒரு தகராறு. அந்தக் கப்பலுக்கு வலப்பக்கம் இரண்டு நங்கூரம், இடப்பக்கம் ஒன்று. வலப்பாதியைக் கண்ணாடியில் ஒட்டினால் நாலாகத் தெரியும். அத்தை சொல்லிப் பார்த்தார்.

"கப்பலோட முகப்பு வாசலைப் பாக்கணும்மா. அதுக்கு வலப்பக்கந்தான் சரி. நங்கூரத்தை எவன் எண்ணப்போறான்?"

எண்ணுகிற ஒருவரையே தலைமை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். கடற்படையில் ஓய்வு பெற்ற அதிகாரி. விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் நாங்களும் மாடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றோம். அவர் குனிந்து பார்த்தார், விரலை நீட்டி எண்ணினார்.

"இதுக்கு மூணு நங்கூரந்தானே?"

இஞ்ச் டேப் சிரித்தார். "செஞ்சவங்க ரிட்டயராகப் போறாங்க சார். கண்ணு முன்னமாதிரி இல்ல."

அதிகாரி அத்தை பக்கம் திரும்பி, "பரவால்லம்மா, அழகா இருக்கு" என்றார்.

"நான் செஞ்சது மூணுதான் சார். நாலாவதைக் கண்ணாடி செஞ்சது."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று கை தட்டினார்கள். அத்தையின் முகத்தை நான் பார்த்தேன், அது ஜோக் சொன்ன முகம் இல்லை.

மறுநாள் ஒரு நங்கூரத்தைக் குறடு போட்டுப் பிடுங்கினார்கள். இப்போது கண்ணாடியோடு சேர்த்து இரண்டு. அதுவும் தப்பு, ஆனால் பார்க்கச் சமமாக இருக்கிறதாம். இடப்பாதியை வீட்டுக்குக் கேட்டார் அத்தை. கம்பெனி சொத்து, வெளியே போகாது என்றார்கள். ஸ்டோரில் ரிப்பேரான ஃபேன்களோடு கிடக்கிறது.

நங்கூரம் பிடுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அதை அடைத்துச் சாயம் பூச அத்தையையே அனுப்பினார்கள். போய்ப் பூசிவிட்டு வந்தார்.

"ஏன் அத்தை செஞ்சே? அப்படியே விட்டிருக்கலாம்ல, மானம் போகட்டும்னு?"

"யார் மானம்? ஓட்டையோட கப்பலை எப்படி விடறது?"

பிறகு ஒரு நாள் நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குக் குனிந்து தேடியும், அந்த இடம் எங்கே என்று தெரியவில்லை.